ஏ.எஃப். உள்ள 78 வயதுக்காரருக்கு அபிக்ஸபான் 2.5 போதுமா? எக்கோஸ்ப்ரினும் சேர்த்துத் தரலாமா?

மருந்துச்சீட்டு எழுதியது:

மருந்துக் கடைக்கு வந்த ஒரு சீட்டில் சந்தேகம். 78 வயது அம்மா, எடை 56 கிலோ. பிரஷரும் சுகரும் பல வருடமாக இருக்கின்றன. படபடப்பு என்று போனபோது எடுத்த ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்., இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது). எக்கோவில் வால்வுகள் சரியாக இருக்கின்றன. கிரியேட்டினின் 1.1, ஹீமோகுளோபின் 11.2. ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று எக்கோஸ்ப்ரின் 75 (ஆஸ்பிரின்) மூன்று வருடமாக ஓடுகிறது.

புதுச் சீட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் புது வகை மருந்தான அபிக்ஸபான் 2.5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. எக்கோஸ்ப்ரினும் அப்படியே தொடர்கிறது. வீட்டார் கேட்பவை:

எக்கோஸ்ப்ரினும் ரத்தத்தை இளக்கும் மாத்திரைதானே, அது மட்டும் போதாதா? படபடப்பு இப்போது நின்றுவிட்டது, பிறகு ஏன் மாத்திரை? அம்மா இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறார், தலையில் ரத்தம் கசிந்தால்? கீரையை நிறுத்த வேண்டுமா? அடுத்த வாரம் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும், மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது?

என் சொந்தச் சந்தேகம் 2.5 என்ற அளவு பற்றியது.

---

இடதுகாது எழுதியது:

முதலில் எக்கோஸ்ப்ரின் கேள்வி. அங்கேதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

ஏ.எஃப்.பில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சின்னப் பை உண்டு. ஓட்டமில்லாமல் ரத்தம் அங்கே தேங்கும், தேங்கினால் உறையும். வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உருவாகும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் பிறக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் கட்டி பெரியது, மூளையின் பெரிய குழாயையே அடைக்கும். அதனால்தான் ஏ.எஃப். பக்கவாதம் மற்ற பக்கவாதங்களைவிட மோசமாக இருக்கிறது. ஏ.எஃப். இருந்தாலே பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்கு.

ஆஸ்பிரின் தடுப்பது தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதை. கொழுப்பு படிந்த குழாயில் வேகமாக ஓடும் ரத்தத்தில் அதற்கு வேலை உண்டு. தேங்கிய ரத்தத்தில் ஃபைப்ரின் என்ற புரத இழை வலை பின்னி உருவாகும் கட்டியிடம் அதன் பாச்சா பலிக்காது. 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் தர முடியாதவர்களுக்கு அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள். பக்கவாதமும் மற்ற உறுப்புகளின் குழாய் அடைப்பும் சேர்த்து, ஆஸ்பிரினில் வருடத்துக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபானில் 1.6. பெரிய ரத்தக்கசிவு 1.2க்கு எதிராக 1.4, கிட்டத்தட்ட சமம். ஆஸ்பிரின் "லேசான மாத்திரை, ஆபத்தில்லாதது" என்ற நம்பிக்கைக்கு இது போதுமான பதில்.

இந்த அம்மாவுக்கு 75 வயதைத் தாண்டியதற்கு 2, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, பெண் என்பதற்கு 1. பக்கவாத வாய்ப்பைக் கணிக்கும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் 5. 2024இன் ஐரோப்பிய வழிகாட்டுதலில் பெண் என்ற கணக்கை எடுத்துவிட்டார்கள், அப்படிப் பார்த்தாலும் 4. இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும் என்பது விதி. படபடப்பு நின்றதா, திரும்ப வந்ததா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. விட்டுவிட்டு வரும் ஏ.எஃப்.புக்கும் இதே மாத்திரைதான். பல பேருக்கு ஏ.எஃப். வந்து போவது தெரிவதே இல்லை.

ஸ்டென்ட் இல்லை, அட்டாக் இல்லை என்றால் எக்கோஸ்ப்ரினை எடுத்துவிட வேண்டும். ரத்தக்கசிவைக் கூட்டுவதைத் தவிர அது வேறெதுவும் செய்யப்போவதில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து அபிக்ஸபான் போன்ற மாத்திரை மட்டுமே போதும்.

---

கிரியேட்டினின்_கணக்கு எழுதியது:

2.5 தவறு. இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது, அதுவும் நல்ல எண்ணத்தில்.

அபிக்ஸபானைக் குறைக்க மூன்று நிபந்தனைகள்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5. இவருக்கு எடை மட்டும்தான் பொருந்துகிறது. ஆகவே 5 மி.கி., இரண்டு வேளை.

கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு லேப் அச்சடிக்கும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மதிப்பீடு இங்கே உதவாது, காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம்தான் வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85ஆல் பெருக்கல்.

62 × 56 = 3472
72 × 1.1 = 79.2
3472 ÷ 79.2 = 43.8
43.8 × 0.85 = 37

கிரியேட்டினின் 1.1 என்றதும் "கிட்னி நார்மல்" என்று தோன்றும், உண்மையில் நிமிடத்துக்கு 37 மி.லி.தான். சதை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் ஏமாற்றும். இதே புது வகையில் இன்னொன்றான ரிவராக்ஸபான் எழுதியிருந்தால் இந்த 37க்கு 20 மி.கி.யிலிருந்து 15ஆகக் குறைத்திருக்க வேண்டும். மற்றொன்றான டாபிகட்ரான் பெரும்பாலும் கிட்னி வழியாகவே வெளியேறுகிறது, இவருக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அபிக்ஸபானுக்கு 30க்கு மேல் இருக்கும்வரை இந்த எண்ணால் மாற்றமில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் வேறு விதி, ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போடுவதுதான் சிக்கல்.

அளவை மனம்போனபடி பாதியாக்கினால் கசிவும் பாதியாகும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. காரணமில்லாமல் குறைத்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது கசிவு குறையவில்லை, பக்கவாதம்தான் கூடியது.

60க்குக் கீழே வேகம் இருந்தால் அதைப் பத்தால் வகுத்து, அத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்பது ஞாபகம் வைக்க எளிய வழி. இவருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று படுத்தால் உடனே.

---

அரைமாத்திரை எழுதியது:

எல்லாரும் புது மாத்திரையையே தூக்கிப் பிடிக்கிறீர்கள். மாதாமாதம் வாங்க முடியாமல் பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு பழைய வகையான அசிட்ரோமோ வார்ஃபரினோ மேல் இல்லையா? ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவில் இருந்தால் பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். பல வருடம் சோதித்துப் பார்த்த மருந்து.

---

இடதுகாது எழுதியது:

"இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அரைமாத்திரை அண்ணே. பத்து நாளில் ஏழு நாளாவது ஐ.என்.ஆர். அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும். தொடக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். "திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 2" என்று எழுதித் தரும் சீட்டை 78 வயதில் யார் பார்த்துக் கொடுப்பது? அதுமட்டுமல்ல, மூளைக்குள் கசிவது புது மாத்திரைகளில் வார்ஃபரினைவிடப் பாதி அளவுதான். விழுந்துவிடுவார் என்று பயப்படும் வீட்டுக்கு இது முக்கியம். அபிக்ஸபான் இப்போது நம்மூரில் பல கம்பெனிகளின் ஜெனரிக்காகக் கிடைப்பதால் விலையும் முன்போல் இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வதே சரி. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், உலோக வால்வு வைத்தவர்கள், இவர்களுக்கு அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மட்டுமே. 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் நோயாளிகளுக்கு ரிவராக்ஸபான் கொடுத்துப் பார்த்தார்கள். வார்ஃபரின் வகை எடுத்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. நம் நாட்டில் இந்த வால்வு நோய் இன்னும் கணிசமாக இருப்பதால், எக்கோ பார்க்காமல் புது மாத்திரை எழுதக் கூடாது. மருந்துச்சீட்டு தந்த விவரத்தில் வால்வு சரி என்று இருப்பதால்தான் மேலே எழுதியதெல்லாம் பொருந்துகிறது.

---

வார்டு7 எழுதியது:

மீதிக் கேள்விகளுக்கு.

கீரை: அபிக்ஸபானுக்கும் கீரைக்கும் சம்பந்தமே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். அசிட்ரோம் எடுப்பவர்களுக்கும் தடை இல்லை, அளவு மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை பழக்கமென்றால் அப்படியே தொடரட்டும். ஐ.என்.ஆர். பார்த்து அளவு நிர்ணயித்த பிறகு திடீரென்று நிறுத்தினால் ரத்தம் இளகிப்போகும், திடீரென்று தினமும் தின்றால் உறையும்.

பல்: ஒரு பல்லுக்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூன்று பல் வரை இதே கதைதான். காலை நேரமாக, வாரத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் கசிந்தால் திரும்பப் போக வழியிருக்கும். பஞ்சை வைத்து விடாமல் அழுத்திக் கடிக்க வேண்டும், தேவைப்பட்டால் தையல். பல் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் போவதுதான் ஆபத்து. பிறகு வலிக்கு பாராசிட்டமால் மட்டும், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கூடாது. பல் பிடுங்கினால் வழக்கமாக எழுதும் கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோல் அபிக்ஸபானோடு பெரிய தொல்லை தராது. அசிட்ரோம் எடுப்பவருக்கு அதே மாத்திரை ஐ.என்.ஆரை எகிற வைக்கும்.

கண்புரை அறுவைக்கும் பொதுவாக நிறுத்துவதில்லை. பெரிய அறுவை என்றால் அபிக்ஸபானை முந்தைய இரண்டு நாள் நிறுத்த வேண்டும், சிறியதற்கு ஒரு நாள். நடுவில் அதற்குப் பதிலாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவையில்லை.

விழுவது: அதற்காக மாத்திரையை நிறுத்துவது கணக்குப்படி நஷ்டம். வார்ஃபரின் காலத்தில் 1999இல் போட்ட ஒரு கணக்கில், விழுவதால் வரும் மூளைக்கசிவு மருந்தின் பலனை மிஞ்ச வேண்டுமென்றால் வருடத்துக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும் என்று வந்தது. பாத்ரூமில் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத மிதியடி இவற்றுக்குச் செலவு செய்யலாம். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது அதைவிடப் பெரிய காப்பு. விழுந்து தலையில் அடிபட்டால் மட்டும், வலி இல்லாவிட்டாலும் சி.டி. எடுத்தாக வேண்டும்.

யாரும் கேட்காத ஒன்று: ஊசி. மூட்டுவலி என்று போனால் இடுப்பில் ஒரு டைக்ளோஃபினாக் போட்டுவிடுவார்கள். இந்த மாத்திரை எடுப்பவருக்குத் தசைக்குள் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டி உள்ளங்கை அளவுக்கு வீங்கும். மருந்தும் கெடுதல், போடும் வழியும் கெடுதல்.

மறந்த வேளை: ஆறு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம், தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளை. இரண்டாகப் போடக் கூடாது. தவறி இரண்டு போட்டுவிட்டால் அடுத்த வேளையை விடலாம். அபிக்ஸபானின் வேலை ஒரு நாளுக்குள் இறங்கிவிடும், "இரண்டு நாள் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்பது சரிப்படாது. இதைக் கடையில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

டி.பி.க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலோ, வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபைன் எடுத்தாலோ அபிக்ஸபானின் அளவு ரத்தத்தில் பாதியாகச் சரியும். அப்போது மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஹீமோகுளோபின் 11.2ஐயும் விடாதீர்கள். மூன்று வருட ஆஸ்பிரினால் வயிற்றில் துளித்துளியாகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்தால் உடனே காட்டச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

சாமக்காவல் எழுதியது:

அவசரப் பிரிவிலிருந்து ஒன்று. மாத்திரை போட்டும் சிலருக்குப் பக்கவாதம் வரும். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அங்கே முதல் கேள்வி "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்பதே. 48 மணி நேரத்துக்குள் அபிக்ஸபான் போட்டிருந்தால் பொதுவாக அந்த ஊசி கிடையாது, ஆனால் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் வழி திறந்தே இருக்கிறது. வீட்டில் எக்கோஸ்ப்ரினை மென்று விழுங்கச் செய்ய வேண்டாம். அடைப்பா கசிவா என்று சி.டி.தான் சொல்லும். தண்ணீரும் வேண்டாம், புரை ஏறும்.

மாத்திரை அட்டையை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைக்கச் சொல்லுங்கள்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

நன்றி. எடை, வயது, கிரியேட்டினின், வேகம் 37 நான்கையும் ஒரு தாளில் எழுதி, எக்கோஸ்ப்ரின் பற்றியும் கேட்டு, சீட்டு எழுதிய டாக்டருக்கே அனுப்புகிறேன். நானாக மாற்றித் தர முடியாது.

---

கிரியேட்டினின்_கணக்கு எழுதியது:

அதுதான் முறை. தாளில் பிறந்த தேதியையும் சேருங்கள். 80 பிறந்த அன்று எடை இதே 60க்குள் இருந்தால் இரண்டு நிபந்தனை ஆகிவிடும், இன்று தவறாக இருக்கும் அதே 2.5 அன்றைக்குச் சரியான அளவு. அப்போது யாரும் கவனிக்காமல் 5ஐயே தொடர்வார்கள்.