அப்பளத் தொழிலில் எந்தச் சிக்கலுக்கு எந்த வழிமுறை?

கேள்வி

கல்லிடைக்குறிச்சியில் சிறிய அளவில் உளுந்து அப்பளம் தயாரித்து, திருநெல்வேலி, தென்காசிக் கடைகளுக்கு அனுப்பி வருகிறேன். அப்பளம் உடைந்து திரும்பி வருவது, பொரித்தால் சிவந்துவிடுவது, கடைகளில் பணம் நிலுவையில் நிற்பது என்று மூன்று தொல்லைகள் ஒருசேர வந்திருக்கின்றன. அண்மையில் சென்ற ஒரு பயிற்சியில் ‘ஐந்து ஏன்’, மீன்முள் வரைபடம், பரேட்டோ, சிக்ஸ் சிக்மா எனச் சிக்கல் தீர்க்கும் முறைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி முடித்துவிட்டார்கள். ‘ஏன் உடைகிறது’ என்று ஐந்து முறை கேட்டுப் பார்த்தேன். எப்படிக் கேட்டாலும் ‘வேலையாட்களின் கவனக்குறைவு’ என்பதிலேயே வந்து நிற்கிறது. எதை எதற்குப் பயன்படுத்துவது?

பதில் 1

அண்ணாச்சி, டொயோட்டாவில் வளர்ந்த ‘ஐந்து ஏன்’, வேலை நடக்கும் இடத்தில் நின்று கேட்பதற்கானது. கல்லாவில் அமர்ந்து கேட்டால் பழி ஆள் மேல்தான் விழும். மேலும், ஒரு காரணம் இன்னொன்றைப் பிறப்பிக்கும் சிக்கலுக்கே அது பொருந்தும். அளவுக்கு மீறிக் காய்ந்தது, அடுக்கிய விதம், வண்டியில் ஏற்றிய விதம் எனப் பல காரணங்கள் கூடக்கூடிய இடத்தில், ஜப்பானியத் தர வல்லுநர் இஷிகாவா வகுத்த மீன்முள் வரைபடத்தை (சிக்கலைத் தலையாகவும் காரணங்களை முட்களாகவும் வரைவது), மாவு பிசைபவர் முதல் சிப்பம் கட்டுபவர் வரை எல்லோரையும் உடன் வைத்துக்கொண்டு வரையுங்கள்.

பதில் 2

வரைவதற்கு முன், எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று ஒப்பிட வேண்டும் என்பேன்; சிக்கலை அலசும் கெப்னர்–ட்ரிகோ முறையின் உயிர்நாடி அதுதான். ஒரே நாள் சரக்கில் தென்காசிக்குப் போனது மட்டும் உடைந்திருந்தால், காயவைத்தவரை விட்டுவிட்டு வழியைப் பார்க்கலாம். சிவப்பதற்கும் இதே கேள்விதான்: எந்த நாள் மாவு, அன்று அப்பளக்காரம் (மாவில் சேர்க்கும் கார உப்பு) எவ்வளவு? அது கூடினால் எண்ணெயில் நிறம் விரைவில் ஏறும். பெரும்பங்குச் சிக்கலுக்குக் காரணமான சிலவற்றை முதலில் பிரித்தெடுக்கும் பரேட்டோ முறையில் கணக்கிடும்போது புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாமல், இழந்த ரூபாயையும் வைத்துப் பாருங்கள். அளவீடுகளை வைத்துக் குறைபாடுகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா இப்போதைக்கு வேண்டாம். தொடர்ந்த அளவீடுகள் இல்லாமல் அது நடக்காது.

பதில் 3

நிலுவைப் பணத்துக்கு இவை எதுவும் உதவாது. காரணம் தெரியாத சிக்கலுக்குத்தான் காரணம் தேடும் முறை. கடன் தவணையை நாமே நீட்டிக் கொடுத்துவிட்டு, பணம் ஏன் வரவில்லை என்று வரைபடம் போடுவதில் பயனில்லை. எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன் என்று முடிவெடுப்பதே அங்குள்ள வேலை.

கேட்டவர்

திரும்பிய சரக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். எடையும் தேதியும் இருக்கின்றன. எந்தக் கடையிலிருந்து, ஏன் திரும்பியது என்பது ஒரு வரிகூட இல்லை. நாளை முதல் அந்த இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.