ஏற்காடு லேடீஸ் சீட் காட்சி முனையில் மூட்டம் விலகும் நேரம் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குப் போன மாசம் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. மஞ்சளேறின பழைய லென்ஸ் நீல நிறத்தைத் தடுத்துட்டே இருந்திருக்கு. இப்போ அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில நின்னு, "சேர்வராயன் மலை இவ்வளவு நீலமாடா?"ன்னு தினமும் கேக்கறார்.

லேடீஸ் சீட்டுல இருந்து சேலத்தை அவருக்குக் காட்டணும். ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அரை மணி நேரம் பேசாம நின்னார், பாவம்.

கோடையில புழுதி மூட்டம். மழை ஓய்ஞ்ச மறுநாள் காத்து கழுவிவிட்ட மாதிரி இருக்கும், ஆனா மேகம் மலையிலேயே படுத்துக்குது.

ஏற்காட்டுல குடியிருக்கறவங்க, எஸ்டேட்ல வேலை பாக்கறவங்க சொல்லுங்க: எந்த மாசம், எத்தனை மணிக்குப் போனா ஊர் தெளிவாத் தெரியும்? சாயங்காலச் சாய்வெயில் நல்லதா, விடிகாலையா?