பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

பிடித்த படங்கள் பத்து எவை என்று எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பெயரிலேயே கை நின்றுவிட்டது. படத்தின் பெயரை எழுதினால் கூடவே ஒரு ஆளும் வந்து நிற்கிறார், அந்தப் படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தவர். அவரை விட்டுவிட்டு நடிப்பு, ஒளிப்பதிவு என்று எழுதினால் அந்தப் படம் எனக்கு ஏன் பிடித்தது என்பதே விட்டுப்போகிறது. அதனால் ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்களும் ஒன்றைச் சொல்லுங்கள். என்ன படம், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது?

என்னுடையது ‘வீடு’. பாலு மகேந்திரா, 1988.

முதல் தடவை பார்த்தபோது நான் ஆறாம் வகுப்பு. விருதுநகர்ப் பக்கம் எங்கள் தெருவில் அப்போது இரண்டு வீட்டில்தான் டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கூடிவிட்டது. அரை மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சண்டை இல்லை, பாட்டு ஒன்றுகூட இல்லை. ஒரு பெண் வேலைக்குப் போகிறாள், குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், கடனை வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். இதெல்லாம் நம் தெருவிலேயே நடக்கிறதே, இதை எதற்குப் படம் என்று காட்டுகிறார்கள் என்றுதான் எனக்கும் பட்டது. நானும் விளையாடப் போய்விட்டேன்.

இரண்டாம் தடவை பார்த்தது 2012-ல். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய பி.எஃப். பணம், என் பெயரில் வங்கிக் கடன், அம்மாவின் இரண்டு வளையல், இதை வைத்து மூன்று சென்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு மேலே லின்டல் மட்டம் வந்ததும் பணம் நின்றுவிட்டது. மேஸ்திரியும் வருவதை நிறுத்திவிட்டார். அவர் போன பிறகுதான் சித்தாள் வேலை பார்த்த அக்கா ஒருவர் அம்மாவிடம் வந்து, கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டு மூட்டையை வெளியே ஏற்றி அனுப்பினார்கள் என்று சொன்னார். அந்த அக்காவுக்கு அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொன்னதால் அடுத்த இடத்தில் வேலை போகுமோ என்ற பயம்தான் இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் யூடியூபில் ‘வீடு’ கண்ணில் பட்டது. அப்பாவும் வந்து உட்கார்ந்தார். படத்தில் மங்கம்மா என்ற சித்தாள், காண்டிராக்டர் சிமெண்டைத் திருடுவதை வீடு கட்டும் சுதாவிடம் சொல்லும் இடம் வந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அங்கே என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. குரலைக் கேட்டே வந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தத் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் நடித்தது. கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருவார். உள்ளே போய் ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்ப்பார். வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும்தான். அந்தக் கிழவரின் முகத்தில் வரும் சந்தோஷத்தை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் அப்புறம் பிழைப்பதில்லை.

அந்தக் காட்சி முடிவதற்குள் அப்பா எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார், டார்ச்சை எடுத்தார், வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். எங்கள் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி இல்லாவிட்டாலும் கியூரிங் நிற்கக் கூடாது என்று சாயங்காலமே ஒருமுறை விட்டிருந்தார், எனக்குத் தெரியும். சுவர் ஈரமாகத்தான் இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “உள்ளே நல்லா இறுகியிருக்கு” என்றார். நான் ஆமாம் என்றேன்.

படத்தின் முடிவைச் சொல்லாமல் விடுகிறேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். ஒன்று மட்டும். இந்தப் படத்துக்காகச் சாலிகிராமத்தில் ஒரு வீட்டை நிஜமாகவே கட்டிக்கொண்டே படம் பிடித்தார் பாலு மகேந்திரா. பிற்காலத்தில் அவருடைய சினிமா பட்டறை அந்த இடத்தில்தான் நடந்தது. செட் போட்டிருந்தால் அந்தத் தாத்தாவின் கை அப்படிப் பட்டிருக்காது என்று நம்புகிறேன். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு விருதைவிட அவர் பஸ்ஸுக்கு ஓடுவதும், கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணுவதும்தான் முக்கியம்.

எங்கள் வீடு அடுத்த வருஷம் தையில் பால் காய்ச்சினோம். சரி, இனி நீங்கள்.

*

போடியிலிருந்து:

அண்ணா, நீங்கள் வீட்டைச் சொன்னீர்கள், நான் மண்ணைச் சொல்கிறேன். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2018.

என் அப்பா ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போனவர். அடிவாரத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி நடந்தே மேலே போவார்கள், வரும்போது தலைச்சுமை. ஜீப் பாதை வந்த பிறகும் பழக்கம் விடாமல் நடந்தார். முழங்கால் தேய்ந்துபோய் இப்போது வீட்டில் இருக்கிறார். தியேட்டருக்குப் போய் இருபது வருஷமாவது ஆகியிருக்கும். இந்தப் படத்துக்கு நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன்.

படம் ஆரம்பித்ததும் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். இது இந்தப் பாதை, இந்த வளைவில்தான் மூட்டையை இறக்கி வைப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் “பேசட்டும் விடுங்கப்பா” என்றார். அவரும் மலையேறியவராக இருக்க வேண்டும்.

படத்தின் நாயகன் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்று ஆசை. அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். மூட்டை உருண்டு ஏலக்காய் சரிவில் சிதறும் காட்சி வந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்த அப்பா வாயை மூடிக்கொண்டார். முன் சீட்டின் கம்பியைப் பிடித்த கையை இடைவேளை விளக்கு போடும்வரை எடுக்கவில்லை. அவருக்கும் அப்படி நடந்திருக்கிறது, ஒரு மழை நாளில். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். அதை அவர் வாயால் நான் கேட்டதில்லை, பாட்டி சொல்லித்தான் தெரியும்.

கடைசியில் ரங்கசாமி தான் இழந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவல்காரராக உட்கார்ந்திருப்பார். கேமரா மேலே போகப் போக ஆள் சின்னதாகிக்கொண்டே போவார். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு. எங்கள் மலையை யாரும் அதற்கு முன் அப்படிக் காட்டியதில்லை. வழக்கமாக எங்கள் ஊரை டூயட் பாட்டுக்குத்தான் காட்டுவார்கள். இந்தப் படத்தில் மலை என்றால் ஏற்றம், இறக்கம், மூச்சு வாங்குவது, வழியில் ஒரு டீ.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அப்பா கேட்டது ஒன்றுதான். “அந்தப் பையன் நிஜமாவே சுமந்தானா?” நடித்த ஆண்டனியைக் கேட்கிறார். அந்த நடையைப் பார்த்தால் சுமக்காதவன் நடை மாதிரி தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டினார்.

*

நான் மேலே எழுதியதோடு ஒரு சின்னச் சேர்க்கை. ‘வீடு’ படத்தில் மங்கம்மாவாக நடித்தவர் பசி சத்யா. 1979-ல் வந்த துரையின் ‘பசி’ படத்தில் நடித்ததால் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்ததும் அதே படம்தான். என் மாமியாருக்கு இவர்கள் இருவர் மேலும் உயிர். “வேலை செய்யுற கை எப்படி இருக்கும்னு இதுங்களுக்குத் தெரியும்” என்பார்கள். அவர்கள் இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள், சும்மா சொல்லமாட்டார்கள்.

*

திருப்பூரிலிருந்து:

மேலே ஷோபா பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இரண்டு நாளாக இங்கே எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

‘முள்ளும் மலரும்’, 1978. மகேந்திரன் இயக்கிய முதல் படம். உமாசந்திரனின் நாவல், பாலு மகேந்திராவின் கேமரா.

எனக்கும் ஒரு அண்ணன்தான். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினேழு. பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தான். கோபக்காரன். ஊரில் அவனோடு சண்டை போடாத ஆள் குறைவு. என்மேல் மட்டும் கை ஓங்கியதில்லை. நான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று சொன்ன அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தான். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்றாலும் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது எனக்கு இரண்டு பரோட்டா வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் படுப்பான்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு ராத்திரி டிவியில் இந்தப் படம். அவன் கட்டிலில் படுத்திருந்தான், நான் கீழே உட்கார்ந்திருந்தேன். யாரும் சேனலை மாற்றவில்லை. கதாநாயகன் காளி மலையில் வின்ச் என்னும் இழுவை வண்டி ஓட்டுகிறவன், முரடன், ஷோபா நடித்த தங்கை வள்ளிதான் அவனுக்கு எல்லாம். இன்ஜினியரைக் கண்டால் ஆகாது. கையே போன பிறகும் வீம்பு போகாது. ‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு’ பாட்டு வந்தபோது அண்ணன் சிரித்த சத்தம் கேட்டது. அம்மாவுக்குப் பிடித்த பாட்டு அது. வாணி ஜெயராம் குரலில் அந்த மீன் குழம்பு கேட்டால் அம்மாவுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

கடைசிக் காட்சி உங்களுக்குத் தெரியும். ஊரே இன்ஜினியர் பக்கம் போக, வள்ளி மட்டும் திரும்பி அண்ணனிடம் ஓடி வருவாள். என் தங்கைக்கு நான்தான் பெரிசு என்று அவன் முகம் மலரும். அந்தப் பெருமை கிடைத்த பிறகு அவனே அவளைக் கொடுப்பான். கொடுக்கும்போதும், உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை சார் என்று இன்ஜினியரிடமே சொல்லிவிட்டுத்தான் கொடுப்பான். இதுதான் எனக்கு உயிர். மனசு மாறிவிட்டான், எல்லாரும் கட்டிக்கொண்டார்கள் என்று முடிக்கவில்லை மகேந்திரன். பிடிக்கவில்லை என்பதும் நிஜம், கொடுப்பதும் நிஜம். எங்கள் வீட்டு ஆண்கள் இப்படித்தான்.

படம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து அண்ணன் குரல். “அவனை ஞாயித்துக்கெழமை வரச்சொல்லு. எனக்குப் புடிக்கும்னு நெனைக்காத.”

என் கணவரை அவனுக்கு இன்றைக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. தீபாவளிக்கு முதல் சட்டை அவருக்குத்தான் எடுப்பான்.

ஷோபா பதினேழு வயதில் 1980-ல் போய்விட்டாள். வள்ளி ஓடி வரும் அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது என் வயிற்றைப் பிசையும்.

*

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து:

எங்களுடையது தவில் குடும்பம். தாத்தாவோடு முடிந்தது, நான் கணக்கு எழுதுகிறேன். அவருக்கு ஒரே படம்தான், ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. ஏ.பி. நாகராஜன் இயக்கியது, கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதை.

எல்லாரும் அதில் நாகேஷின் வைத்தியையும் ஆச்சி மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் சொல்வார்கள். தாத்தா அவர்கள் வந்தால் வெற்றிலை மடிக்கப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது கச்சேரி. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிப்பதுபோல் நடித்தார். தாத்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்ப்பார். “சத்தத்தைக் கொறைடா, வெரலைப் பாக்கணும்” என்பார். சுத்தமாக மியூட்டில் போடச் சொல்வார்.

சத்தமில்லாமல் பார்த்தால்தான் தெரிகிறது, சிவாஜி எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று. கன்னம் உப்புவது, ஊதுகிற சீவாளியை உதட்டில் வைப்பதற்கு முன் நாக்கால் ஈரப்படுத்துவது, மூச்சு எடுக்கிற இடத்தில் கழுத்து நரம்பு. “இங்கே மூச்சு எடுத்தே ஆகணும். எடுத்துட்டான் பார்” என்று தாத்தா என் தொடையில் தட்டுவார். டி.எஸ். பாலையாவின் தவில் கையை மட்டும் கடுமையாகப் பார்ப்பார். தொழில்காரர் இல்லையா. ஆனால் தவில்காரன் உட்காரும் தோரணையும், நாயனக்காரரைப் பார்க்கும் பார்வையும் அசல் என்று ஒப்புக்கொள்வார்.

கடைசி ஒன்றரை வருஷம் வலது கை வரவில்லை. விரலில் மாட்டும் கூடுகளை ஒரு பழைய திருநீற்றுச் சம்படத்தில் போட்டு அம்மா அலமாரியில் வைத்திருந்தாள். அவருக்குப் பேச்சும் குழறியது. ஒரு நாள் மத்தியானம் டிவியில் ‘நலந்தானா’ வந்துவிட்டது. நான் பழக்கத்தில் சத்தத்தை மியூட் செய்தேன். பத்மினி ஆடிக்கொண்டே கண்ணால் விசாரிக்கிறார், அடிபட்ட கையோடு சிவாஜி வாசிக்கிறார், எதுவும் கேட்கவில்லை. அப்போது கட்டிலிலிருந்து தாத்தா சொல்கட்டு, அதாவது தவில் அடியை வாயால், சொல்ல ஆரம்பித்தார். பேச்சுதான் குழறியது, சொல்கட்டு குழறவில்லை. இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அம்மா ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றாள். நான் ரிமோட்டை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.