இந்த ஒயின் பாட்டில் அசல்தானா? பினாங்கு நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாமாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காக, ஜார்ஜ்டவுனில் தெரிந்தவர் மூலமாக 1998ஆம் ஆண்டு பிரான்ஸின் போர்டோ ஒயின் ஒன்றை 900 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு?" என்றார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

வீட்டில் பார்த்தால் லேபிள் நேற்று அச்சடித்தது போலப் பளபளக்கிறது. சுங்கத்துறை வரி ஸ்டிக்கரைக் காணோம். கழுத்து உறையிலும் பிரித்து ஒட்டிய மாதிரி சுருக்கம்.

இந்தோனேசியாவைச் சேர்ந்த ரூடி குர்னியவான் அமெரிக்காவில் வீட்டிலேயே ஒயின் கலந்து விற்று, 2014இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர். ஒரு பிரெஞ்சு ஒயின் பண்ணையின் 1945ஆம் ஆண்டு ஒயின் என்று லேபிள் ஒட்டி ஒரு பாட்டிலை ஏலத்துக்கு அனுப்பினார். அந்தப் பண்ணை அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதோ 1980களில்தான்! அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கார்க்கில் ஆண்டு அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்தான். ஆனால் திறந்துவிட்டால் விற்றவர் திரும்ப வாங்குவாரா? பினாங்கிலோ கோலாலம்பூரிலோ திறக்காமலே பார்த்துச் சொல்லக்கூடியவர் யாராவது உண்டா? ரசீது இல்லாமல் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். விருந்து வரும் சனிக்கிழமை. மாமாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.