‘ஆங்ரி ஆன் மீ’ என்று எழுதும் பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

உசிலம்பட்டி டீச்சர்:
பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் தவறாமல் வரும் வாக்கியம் இது: “மை மதர் இஸ் ஆங்ரி ஆன் மீ.” கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போக எனக்கு மனசு வருவதில்லை. ‘அம்மா என் மேல கோவமா இருக்கு’ என்றுதானே பிள்ளை நினைக்கிறது? புத்தகம் மேசை மேல் இருந்தால் ‘ஆன்’ போடச் சொன்னதும் நாம்தான். ஆனால் ஆள் மேல் கோபம் என்றால் ‘ஆங்ரி வித்’, விஷயத்தின் மேல் என்றால் ‘ஆங்ரி அபவுட்’. ‘அவரோட கல்யாணம்’ என்பதை ‘மேரீட் வித்’ என்று எழுதுவார்கள், ‘மேரீட் டு’ என்பதே சரி. ‘கணக்குல கெட்டி’ ‘குட் இன்’ ஆகிவிடும், வேண்டியது ‘குட் அட்’. சில இடங்களில் தமிழ்க் கணக்கு பலிக்கவும் செய்கிறது: ‘கபடியில ஆர்வம்’, ‘இன்ட்ரஸ்டட் இன் கபடி’. அதனாலேயே பிள்ளைகள் அதை விடமாட்டேன் என்கிறார்கள்.

வகுப்பில் ஒன்று கேட்பேன். “நாய்க்குப் பயப்படுறோம், நாய் மேல பாசம் வைக்கிறோம். பயத்துக்கு ‘கு’, பாசத்துக்கு ‘மேல’. யாரு சொல்லிக்குடுத்தா?” யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லோடு சேர்ந்தே காதில் விழுந்தது. ஆங்கிலமும் அப்படித்தான் விழவேண்டும். அதனால் கரும்பலகையில் ‘அஃப்ரைட்’ என்று தனியாக எழுதவே மாட்டேன். ‘அஃப்ரைட் ஆஃப்’, ‘ஃபாண்ட் ஆஃப்’, ‘அலர்ஜிக் டு’ என்று இனிஷியலோடு பெயர் எழுதுவது மாதிரி சேர்த்தே எழுதுவேன்.

அகராதி வாங்குகிறவர்கள் கற்போருக்கான அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவருடன் இருந்தவர்களும் 1942-ல் டோக்கியோவில் கொண்டுவந்த அகராதிதான் பிறகு ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஆனது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே செய்தது என்பதால், எந்தச் சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன் (‘ஆன்’, ‘வித்’, ‘டு’ மாதிரியான சின்னச் சொல்) என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

புதுநத்தம் ரோடு வாசகன்:
டீச்சர், கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எங்க செட்டுல ‘விட’தான் மாட்டுது. ‘என்னைவிட சீனியர்’னு நினைச்சதுமே கை தானா ‘சீனியர் தேன் மீ’ன்னு எழுதிருது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நாலுமே லத்தீன்லயே ஒப்பீடா இருந்த சொல்லுங்க, பின்னாடி ‘டு’தான் வரணும். ஒரு தம்பி ‘மோர் சுப்பீரியர்’னு எழுதினான். ஒப்பீடு சொல்லுக்குள்ளயே இருக்கு, ‘மோர்’ எதுக்குடான்னு கேட்டதும் அவனுக்குப் பிடிபட்டுருச்சு.

சித்திரை வீதி கைடு:
நான் வெளிநாட்டுக்காரவுகளைக் கூட்டிட்டுப் போய் கோயில் காட்டுறவன். ‘நோன்’ங்கிற ஒரு சொல்லை மட்டும் சொல்றேன். மல்லிகைக்குப் பேர்போன ஊர்னா ‘நோன் ஃபார்’, தூங்கா நகரம்னு பேர் இருக்குன்னா ‘நோன் ஆஸ்’. புதுசா வந்த ஒரு தம்பி, ஒரு வயசான ஜோடிக்குத் தைரியம் சொல்றதுக்காக, “டோன்ட் வொர்ரி, ஐ ஆம் நோன் டு த போலீஸ்”னுட்டான். கோபுர வாசல்ல நிக்கிற போலீஸ்காரவுக எல்லாரும் எனக்குப் பழக்கம்ங்கிறதுதான் அவன் மனசுல. ஆனா இங்கிலீஷ்ல அப்படிச் சொன்னா, போலீஸ் ஏற்கெனவே குறிச்சு வச்சிருக்கிற ஆளுன்னு அர்த்தமாகும். அந்தம்மா கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் போய் விளக்கின பிறகுதான் நடக்க ஆரம்பிச்சாங்க. ‘ஐ நோ த போலீஸ்மென் ஹியர்’னு சொல்லியிருந்தா போதும். இலக்கணத்துல பிழையே இல்லாத வாக்கியம், அதான் தம்பி இதை எதிர்பார்க்கல.

அண்ணாநகர் அக்கா:
அண்ணே, எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச ஒரு பொண்ணு லீவு லெட்டர்ல ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் வொர்க்’னு எழுதிருச்சு. உடம்பு அசதின்னா ‘டயர்ட் ஃப்ரம்’, சலிச்சுப் போச்சுன்னா ‘டயர்ட் ஆஃப்’. வேலையை விடப்போறியான்னு மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்க, பொண்ணு அழுதுருச்சு. ரெண்டு பேருமா உட்கார்ந்து லெட்டரை மாத்தி எழுதினோம், லீவும் கிடைச்சிருச்சு. அந்த அதிகாரி கேட்டதோட விடாம அர்த்தத்தையும் சொல்லியிருக்கலாம்னு எனக்கு இப்பவும் வருத்தம்.

உசிலம்பட்டி டீச்சர்:
இரண்டையும் நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். ‘சிக் வித் ஃபீவர்’, ‘சிக் ஆஃப் ஃபீவர்’ என்பதும் இதே ஜோடிதான். பிள்ளைகள் திணறும் இன்னொன்று ‘ரெஸ்பான்சிபிள்’. கணக்குக்குப் பொறுப்பு என்றால் ‘ஃபார்’, மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்றால் ‘டு’. தமிழில் இரண்டுக்குமே ‘கு’ வந்துவிடுகிறது. இதற்குப் போலீஸ் கதை மாதிரி பளிச்சென்று ஒன்று யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.