பழைய ஸ்பிரைட் காரவன்ல கேஸ் மாட்டினேன், தீ மஞ்சளா எரியுது. அவசர உதவி!

சாட்ஸ்வர்த்_செல்வா
வணக்கம். பழைய ஸ்பிரைட் காரவன் (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) வாங்கி உள்ளே எல்லாம் புதுசாக்கிட்டேன். ரெண்டு பர்னர் ஸ்டோவ் மாட்டி சிலிண்டர் கொடுத்தாச்சு. தீ நீளமா, மஞ்சளா வருது, சட்டி கரி பிடிக்குது. கொஞ்சம் வாடையும் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை பிள்ளைகளோட டர்பன்லேருந்து டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகணும். எதைத் திருகினா சரியாகும்?

டோங்காட்_மணி
எந்த சிலிண்டர்? எந்த ரெகுலேட்டர்? ஹோஸ் எத்தனை வருஷத்துது? ஸ்டோவ் பழசா புதுசா? சிலிண்டர் எங்கே நிக்குது? ஒண்ணுமே சொல்லலையே அண்ணா.

வெருளம்_வேலு
இது குளிர்தான். ஜூலை நம்ம தென்னாப்பிரிக்காவுல குளிர்காலம், டிராகன்ஸ்பெர்க் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். நம்ம ஊர் கேஸ்ல புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கு. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் தாங்கும். புரொப்பேன் அதிகமா இருக்கிற கேஸ் கேட்டு வாங்குங்க.

டோங்காட்_மணி
வேலு அண்ணா, அவர் இன்னும் சாட்ஸ்வர்த்லதான் இருக்கார். வாசல்ல வச்சு எரிச்சுப் பார்த்திருக்கார். இங்கே எங்கே குளிர்? அதோட குளிர்ல தீ சின்னதாகும், நீளமா மஞ்சளாகாது.

பைப்பு_அய்யா
இதே கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. திருகிறதுக்கு ஒண்ணும் இல்லை தம்பி. வாடை வருதுன்னு எழுதிட்டு அடுத்த வரியில பிள்ளைகளோட போகணும்ங்கறீங்க. முதல்ல சிலிண்டர் வால்வை மூடுங்க, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போடுங்க, அப்புறம் வந்து எழுதுங்க. மஞ்சள் தீ ஒரு கோளாறு, வாடை வேற கோளாறு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

சாட்ஸ்வர்த்_செல்வா
மூடிட்டேன். 9 கிலோ சிலிண்டர், சோபாவுக்குக் கீழே இருக்கிற பெட்டியில. ரெகுலேட்டர் சாதாரணமானது. ஹோஸ் காரவனோட வந்தது. ஸ்டோவ் வெளிநாட்டுச் சரக்கு, புத்தம் புதுசு.

மெயர்பேங்க்_ராணி
சோபாவுக்குக் கீழேயா! அந்தப் பெட்டியோட தரையில ஓட்டை இருக்கா? எல்பிஜி காத்தைவிடக் கனம். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேலே போகாது, தண்ணி மாதிரி தரையில தேங்கும். காத்துல ரெண்டு சதவீதம் கலந்தாலே பத்திக்கும்.

சாட்ஸ்வர்த்_செல்வா
ரெண்டு ஓட்டை இருந்தது. தூசி வந்ததால புது வினைல் விரிக்கும்போது மூடிட்டேன்.

பைப்பு_அய்யா
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கணும்.

மெயர்பேங்க்_ராணி
அய்யா, விடுங்க. செல்வா தம்பி, வினைலை வெட்டி ஓட்டையை இன்னைக்கே திறந்துடுங்க. சிலிண்டர் உள்ளேதான் நிக்கணும்னா அந்தப் பெட்டி காரவன் உள்பக்கம் காத்துப் புகாம அடைபட்டிருக்கணும், கதவு வெளிப்பக்கம் திறக்கணும், தரையிலிருந்து நேரா வெளியே இறங்குற வென்ட் வேணும். ஐரோப்பிய விதி இஎன் 1949 கேக்கிறது பெட்டித் தரைப் பரப்புல 2 சதவீதம், குறைஞ்சது 10,000 சதுர மில்லிமீட்டர். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்னு வச்சுக்கங்க. பூச்சி வராம கம்பி வலை போடலாம், மூடி மட்டும் போடக்கூடாது.

இவ்வளவு பாடு எதுக்கு? சிலிண்டரை முன்னாடி இழுவைச் சட்டத்து மேலே நிறுத்துங்க. பழைய காரவன்கள்ல அதுக்குன்னே இடம் உண்டு. இரும்புத் தட்டு, பட்டை ரெண்டு, செங்குத்தா நிக்கணும். படுக்க வச்சா திரவம் ரெகுலேட்டருக்குள்ள போயிரும்.

டோங்காட்_மணி
ரெகுலேட்டரை சிலிண்டர் வால்வைவிட உயரமா சுவர்ல மாட்டுங்க. ஹோஸ்ல சேர்ற எண்ணெய்ப் பிசுக்கு திரும்ப சிலிண்டருக்கே வடியும். ரெகுலேட்டரோட மூச்சு ஓட்டை கீழ் நோக்கி இருக்கணும். 2.8 கிலோபாஸ்கல்னு மேலே அச்சடிச்சிருக்கா பாருங்க. பிரியாணி அண்டாவுக்குப் போடுற பெரிய அடுப்பு ரெகுலேட்டரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனா அதுல அழுத்தம் பல மடங்கு. “சாதாரணமானது”ங்கிற பதில் செல்லாது.

காரவனோட வந்த ஹோஸைத் தூக்கிப் போடுங்க. சிலிண்டர் அழுத்தம் தாங்கும்னு முத்திரை இருக்கிற எல்பிஜி ஹோஸ், முக்கால் மீட்டருக்கு மேல வேண்டாம், ரெண்டு முனையும் தொழிற்சாலையிலேயே பொருத்தினது. அது ரெகுலேட்டர் வரைக்கும்தான். அங்கேயிருந்து ஸ்டோவ் வரைக்கும் செம்புக் குழாய், 8 அல்லது 10 மில்லிமீட்டர். அலமாரிக்குள்ள ரப்பர் ஹோஸ் ஓடக்கூடாது. தரையைத் துளைக்கிற இடத்துல ரப்பர் வளையம், அரை மீட்டருக்கு ஒரு கிளிப், சக்கரத்துக்குப் பக்கத்துல கொண்டுபோகாதீங்க.

வெருளம்_வேலு
செம்புக் குழாயை வெள்ளிப் பற்றவைப்புதான் செய்யணும். வண்டி ஆடுற ஆட்டத்துல நட்டு கழண்டுடும்.

டோங்காட்_மணி
கிளிப் சரியா இருந்தா கழலாது. உலகம் முழுக்க காரவன்கள்ல நட்டு இறுக்கி அடைக்கிற கம்ப்ரஷன் ஃபிட்டிங்தான் ஓடுது. ஈயப் பற்றவைப்புதான் கூடாது, தீப்பட்டா உருகி வாயைத் திறந்துவிடும். இன்னொண்ணு, கம்ப்ரஷன் மூட்டுலயும் குழாய் வாயை விரிச்சு மாட்டுற ஃபிளேர் மூட்டுலயும் டேப் சுத்தாதீங்க. உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அடைக்குது. டேப் கூம்பு மரைக்கு மட்டும்.

பைப்பு_அய்யா
சிலிண்டர் வால்வுல மாட்டுற இணைப்பு, புல்நோஸ், இடது மரை. இடப்பக்கம் திருப்பினாத்தான் இறுகும். நம்ம ஆட்கள் பாதிப்பேர் இறுக்குறதா நினைச்சு கழட்டுறாங்க. அதையும் பாருங்க. நுனி ரப்பர் வெடிச்சிருந்தா அந்த வாடை அங்கேயிருந்துதான்.

ஃபீனிக்ஸ்_கணேஷ்
எல்லாரும் வாடைக்குப் பின்னாடியே போயிட்டீங்க. மஞ்சள் தீக்கு வாங்க. பர்னர் மூடியைத் தூக்கி, கேஸ் பீச்சுற சின்னத் துளை இருக்கிற ஜெட் மேல என்ன நம்பர் இருக்குன்னு படிங்க. 1.75 கிலோவாட் பர்னர்ல எல்பிஜிக்கு 65 சுமார் இருக்கணும், அதாவது 0.65 மில்லிமீட்டர். 97ன்னு இருந்தா இயற்கை எரிவாயு ஜெட். துளைப் பரப்பு ரெண்டு மடங்குக்கு மேல, கேஸும் அவ்வளவு கொட்டும். காத்து பத்தாம மஞ்சள் தீ, கரி, கூடவே கார்பன் மோனாக்சைடு.

ஸ்டாங்கர்_குமார்
என் சந்தேகமும் சேர்த்து. போற வழியில பிரிட்ஜை கேஸ்ல ஓட விடலாமா? இறைச்சி இருக்கும்.

வெருளம்_வேலு
விடலாம். கொஞ்சம் கேஸ்தான் எரியும்.

மெயர்பேங்க்_ராணி
கூடவே கூடாது. பெட்ரோல் பங்க்ல நுழையும்போது பிரிட்ஜுக்குப் பின்னாடி தீ எரிஞ்சுட்டிருக்கும். விபத்துல குழாய் முறிஞ்சா சிலிண்டர் முழுக்க வெளியேறும். வண்டி ஓடும்போது 12 வோல்ட், இல்லாட்டி அணைச்சுப் போடுங்க.

வெருளம்_வேலு
பெர்க் வரைக்கும் கறி கெட்டுப் போயிருமே அக்கா.

மெயர்பேங்க்_ராணி
மூணு மணி நேரம். உறைய வச்ச கறி உறைஞ்சபடியே போய்ச் சேரும். இதுக்கு மேல இந்த இழையில பிரிட்ஜ் வேண்டாம்.

பைப்பு_அய்யா
சோதனை எப்படின்னு யாரும் சொல்லலை. சோப்புத் தண்ணி மூட்டைக் காட்டும், மொத்த லைனையும் காட்டாது. முனையில தண்ணி மானோமீட்டர், அதாவது தண்ணி உயரத்துல அழுத்தம் காட்டுற குழாய், மாட்டுங்க. 2.8 கிலோபாஸ்கல்னா சுமார் 285 மில்லிமீட்டர் தண்ணி. சிலிண்டரைத் திறந்து மூடுங்க. பர்னரை ஒரு கணம் திறந்து அழுத்தத்தை 200க்கு இறக்குங்க. இதைச் செய்யலைன்னா ரெகுலேட்டருக்கு முன்னாடி மிச்சம் இருக்கிற கேஸ் கசிவை நிரப்பிட்டே இருக்கும், தண்ணி மட்டம் அசையாது, நீங்களும் நல்லா இருக்குன்னு நினைப்பீங்க. அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, பத்து நிமிஷம் பாருங்க. ஒரு மில்லிமீட்டரும் இறங்கக்கூடாது. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை.

நம்ம நாட்டுல நடமாடும் வண்டிகளுக்கு விதி சான்ஸ் (தென்னாப்பிரிக்கத் தர விதி) 10087, பாகம் 2. வேலையைப் பதிவு பெற்ற கேஸ் ஆள் பார்த்துச் சான்றிதழ் தரணும். அது இல்லாம எரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் கேப்பான்.

மெயர்பேங்க்_ராணி
அலாரம் ரெண்டு வேணும். கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல, கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைத் தலைமாட்டு உயரத்துல. ஒண்ணு மத்தது வேலையைப் பார்க்காது.

டோங்காட்_மணி
செல்வா அண்ணா? இருக்கீங்களா?

ஃபீனிக்ஸ்_கணேஷ்
ஜெட் நம்பர் என்ன ஆச்சு?

சாட்ஸ்வர்த்_செல்வா
97. புல்நோஸ் ரப்பரும் வெடிச்சிருக்கு. சிலிண்டர் வெளியே வந்தாச்சு. கேஸ் ஆள் அடுத்த வாரம்தான் வர்றார். வெள்ளிக்கிழமை போறோம், விறகு அடுப்பு. நன்றி.

ஸ்டாங்கர்_குமார்
அந்த ஸ்டோவை விக்கிறீங்களா?