ஒயர்மேன் ஹெல்பர் தேர்வு: அனுபவச் சான்றுக்கு வழி சொல்லுங்கள்

அண்ணன்மார்களே, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பார்க்கிறேன். 21 வயது, ஒயரிங்கில் 5 வருட அனுபவம் கேட்கிறார்கள், இரண்டும் இருக்கிறது. ஆனால் காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று சுவர் வெட்டிக் குழாய் பதித்து டிபி பாக்ஸ் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாட்டியதெல்லாம் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்காம். என் பழைய காண்டிராக்டரோ இன்னைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார். கூலியையே நோட்டில் எழுதாதவர் சான்றா எழுதுவார்? லைசென்ஸ் உள்ள இன்னொருவர், "என்கிட்ட வேலை செய்யாத பையனுக்கு எப்படிப்பா தர்றது" என்கிறார், அதுவும் நியாயம்தான். காசுக்குப் பொய்ச் சான்று வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் செய்த வேலைக்குத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்பார்களா? வட சென்னையில் சமீபத்தில் எழுதியவர்கள் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.